நாற்சந்தியில் ஒரு மூலை

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையும், சூளகிரியையும் கேளமங்கலத்தையும் இணைக்கின்ற சாலையும் சந்திக்கும் உத்தனப்பள்ளியில், தக்காளிக் கூடைகளை ஏற்றிய வண்டிகளும், பசுமைக்குடில்களில் மலர்ந்த ரோஜாக்களைச் சுமந்து விரையும் வாகனங்களும், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் பேருந்துகளும் ஓயாது சென்றுகொண்டிருக்க, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சொலி காதில் விழ, ஓர் ஓரமாக நின்று பார்க்கின்ற ஒருவருக்கு க்ஷேத்திர கணிதத்தின் நினைவு வருவது அபூர்வமே. ஆயினும் வாசகரை அங்கே சிறிது நேரம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். இரு சாலைகளையும் காகிதத்தில் இழுத்த இரண்டு நேர்கோடுகளாகப் பாவித்துக்கொள்வோம். மெய்யான சாலைகளின் வளைவு நெளிவுகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். கோடுகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டுவதால் நான்கு மூலைகள் உண்டாகின்றன. ஒரு மூலையில் மட்டும் நின்று அளந்து, அது 70 பாகை என்று கண்ட ஒருவர், சாலையைத் தாண்டாமலேயே, இடப்பக்கத்து மூலை 110 பாகை என்றும், எதிர்மூலை 70 பாகை என்றும், வலப்பக்கத்து மூலையும் 110 பாகையே என்றும் சொல்லிவிடுகிறார். போய் அளந்து பார்த்தால் அவ்வாறே இருக்கிறது. கண்ணால் காணாத மூன்று மூலைகளைப் பற்றி இத்தனை நிச்சயமாகப் பேசுவதற்கு அவருக்கு உரிமை அளித்தது எது?

இதற்கு விடை தேடுமுன், கோணம் என்பது யாது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பலர், கரங்கள் நீளமாக வரையப்பட்ட கோணத்தைப் பெரிய கோணம் என்றும், கரங்கள் குட்டையாக இருப்பதைச் சிறிய கோணம் என்றும் மயங்குவதைக் கண்டிருக்கிறேன். கோணம் என்பது நீளத்தின் அளவன்று, திரும்புதலின் அளவு. ஒரு கதவு கால்பங்கு திறந்திருந்தால், அது அலமாரியின் சிறு கதவாயினும் கோட்டையின் பெருங்கதவாயினும், திறப்பு ஒன்றே. முழுச் சுற்று ஒன்றை 360 பாகை என்று பாபிலோனிய ஜோதிஷர்களின் வழிவந்த வழக்கத்தை ஒட்டி நாமும் பகுத்துக்கொண்டிருக்கிறோம்; ஆகவே ஒரு நேர்கோட்டின் மேல் நின்று ஒரு முனையை நோக்கியவர் அப்படியே திரும்பி மறு முனையை நோக்குவாரானால், அவர் அரைச் சுற்று, அதாவது 180 பாகை, திரும்பியவர் ஆகிறார். இனி வரப்போவதில் பெரும்பகுதி இந்த அரைச் சுற்று ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது.

நாற்சந்திக்குத் திரும்புவோம். இராயக்கோட்டைச் சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டால், அதன் ஒரு பக்கத்திலுள்ள இரண்டு மூலைகளும் சேர்ந்து அரைச் சுற்றை நிரப்புகின்றன. ஒன்று 70 என்றால் மற்றது 110 ஆகியே தீரவேண்டும். ஒரு நேர்கோட்டின் மேல் இவ்வாறு அண்டையில் அமர்ந்து 180 பாகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு கோணங்களை நேரிய கோண இணை என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. அண்டையில் இல்லாமல் எங்கெங்கோ கிடந்தாலும், கூட்டினால் 180 ஆகும் இரண்டு கோணங்கள் மிகைநிரப்புக் கோணங்கள் எனப்படும். முன்னதற்கு இருப்பிடம் அவசியம். பின்னதற்குத் தொகை மட்டும் போதும். இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் சில சமயம் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அதனால் பிற்பாடு குழப்பம் நேர்கிறது.

இப்போது முதுகெலும்பை மாற்றிக்கொள்வோம். கேளமங்கலம் சாலையை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால், 110 பாகையுள்ள அதே மூலை இப்பொழுது வேறோர் அண்டை மூலையுடன், அதாவது நம்முடைய எதிர்மூலையுடன், கூட்டுச் சேர்ந்து அரைச் சுற்றை நிரப்புகிறது. பாதி நிரம்பிய தக்காளிக் கூடை ஒன்று கிடக்கிறது. அண்ணன் வந்து நிரப்பினாலும் தம்பி வந்து நிரப்பினாலும், கொட்டவேண்டிய தக்காளியின் அளவு ஒன்றுதான். அந்தப் பாதிக் கூடைதான் நடுவிலுள்ள 110. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் மூலைகள். ஆதலால் எதிர்மூலைகள் இரண்டும் சமம். இவற்றைக் குத்தெதிர்க் கோணங்கள் என்கிறோம். இதிலுள்ள ‘குத்து’ என்பதைச் செங்குத்து என்று பொருள்கொள்வது பிழை. இரு கோடுகள் வெட்டும் உச்சியில் எதிரெதிராக நிற்பவை என்பதே கருத்து. உச்சியெதிர்க் கோணங்கள் என்று பெயர் வைத்திருந்தால் இந்த மயக்கம் நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

இந்த உண்மையை முதன்முதல் கண்டவர் கிரேக்க ஞானியான தேல்ஸ் என்று, யூடீமஸ் என்பவர் எழுதிய வரலாற்றை ஆதாரமாகக் காட்டி, கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் பிரோக்ளஸ் குறித்துவைத்திருக்கிறார். அதற்கு முறையான நிரூபணத்தை அமைத்தவர் யூக்ளிட் என்றும் அவரே சொல்கிறார். யூக்ளிடின் முதற் புத்தகத்தில் அது பதினைந்தாவது தேற்றமாக நிற்கிறது. அந்தப் பெருநூலை அரபு மொழிபெயர்ப்பின் வாயிலாக 18-ஆம் நூற்றாண்டில் ‘ரேகாகணிதம்’ என்ற பெயரில் சம்ஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தவர், ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங்கின் ஆதரவில் வாழ்ந்த சாம்ராட் ஜகந்நாதர். கண்டறிதல் வேறு, நிரூபித்தல் வேறு என்று பிரோக்ளஸ் பிரித்துச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் பாகைமானியை வைத்து ஆயிரம் நாற்சந்திகளில் அளந்தாலும், ஒவ்வோர் அளவிலும் அரைப் பாகையோ கால் பாகையோ பிசகு இருந்தே தீரும். ‘ஏறக்குறையச் சமம்’ என்பதற்கு அப்பால் பிரத்தியக்ஷம் நம்மை அழைத்துச் செல்லாது. கூடைக் கணக்கோ எதையும் அளக்கவில்லை. ஆகவே அதில் பிசகுவதற்கு இடமும் இல்லை. கோடுகள் நேரானவை என்ற ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். உலகிலுள்ள எல்லா நாற்சந்திகளுக்கும், இனி எழப்போகும் நாற்சந்திகளுக்கும்கூட, தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இந்த அரைச் சுற்றுத் தத்துவத்தை ஏட்டுப் படிப்பில்லாத தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வருகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு அளவிலா மகிழ்ச்சி உண்டாகிறது. தச்சரின் மூலைமட்டம் உண்மையிலேயே செங்கோணந்தானா என்று எப்படிச் சோதிப்பது? அதைவிட நம்பகமான இன்னொரு மூலைமட்டத்தைக் கொண்டு சோதிக்கலாம் என்றால், அந்த மற்றொன்றைச் சோதிப்பது எதைக் கொண்டு? தச்சர் செய்வது இதுதான்: நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் மூலைமட்டத்தின் ஒரு கரத்தைப் பொருத்தி, மறு கரத்தை ஒட்டி ஒரு கோடு இழுக்கிறார், பிறகு மூலைமட்டத்தை அப்படியே புரட்டிப்போட்டு, அதே புள்ளியிலிருந்து மறுபடியும் ஒரு கோடு இழுக்கிறார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மூலைமட்டம் நல்லது, பிரிந்தால் கெட்டது. ஒரே கோணம் இருமுறை அடுத்தடுத்து வைக்கப்பட்டு ஒரு நேர்கோட்டை நிரப்புமானால், அது அரைச் சுற்றில் பாதியாகவே, அதாவது 90 பாகையாகவே, இருக்க முடியும். இன்னொரு விசேஷம்: மூலைமட்டத்தில் ஒரு பாகை பிசகு இருந்தால், இரு கோடுகளுக்கும் நடுவே இரண்டு பாகை இடைவெளி தோன்றுகிறது. குற்றம் தன்னை இரட்டிப்பாக்கிக் காட்டிக்கொடுக்கிறது! வெளியிலிருந்து எந்த அளவுகோலையும் கடன் வாங்காமல், ஒரு கருவியைக் கொண்டே அதைச் சோதிக்கும் இந்த உபாயம், யூக்ளிட் செங்கோணத்துக்குத் தந்த இலக்கணத்துக்கு அக்ஷரம் பிசகாமல் ஒத்திருக்கிறது. ஒரு நேர்கோட்டின் மேல் மற்றொரு கோடு நின்று, இருபுறமும் சமமான கோணங்களை உண்டாக்கினால் அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்றே அவர் சொன்னார். பாகைக் கணக்கே அவருடைய இலக்கணத்தில் இல்லை.

செங்கோணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைக்கு நிரப்புக் கோணங்கள் என்று பெயர். சுவரில் சாத்திய ஏணி தரையுடன் 65 பாகை செய்தால் சுவருடன் 25 பாகை செய்யும். இது எளிதாகத் தோன்றினாலும், பசுமைக்குடிலுக்கும் தகரக் கொட்டகைக்கும் குழாய் அறுத்துப் பற்றவைக்கும் பட்டறைகளில் புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் முதலில் இடறி விழுவது இங்கேதான். கட்டிங் மெஷினின் அளவுத்தகட்டில் பூஜ்யம் என்று இருந்தால் குழாய் குறுக்கே நேராக, அதாவது செங்கோணமாக, அறுபடும். ஆகவே 30 என்ற குறியில் வைத்து அறுத்தால், குழாயின் நுனி 30 பாகைக் கூர்மையாக வராது. 60 பாகையாகவே வரும். தகடு காட்டுவது செங்கோணத்திலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதை. கையில் கிடைப்பது அதன் நிரப்பை. 45 என்ற ஒரே இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகின்றன. ஜன்னல் சட்டத்தின் மூலைகளை அறுப்பதில் யாருக்கும் குழப்பம் வராததற்கு இதுவே காரணம். கூரைச் சாய்வுக்குக் கை வைக்கும்போதுதான் நஷ்டம் தெரிகிறது.

நிரப்பு என்னும் இந்தக் கருத்தைப் பாரத தேசத்து ஜோதிஷ கணிதர்கள் எத்தனை நுட்பமாகக் கையாண்டார்கள் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர்களே சாட்சி. ஒரு கோணத்துக்குரிய ஜ்யா ஒன்று. அதன் நிரப்புக் கோணத்துக்குரிய ஜ்யா கோடிஜ்யா. இன்று பள்ளிகளில் சைன், கோசைன் என்று சொல்லிக்கொடுப்பவை இவையே. ஜ்யா என்ற சொல் அரபு நாட்டுக்குச் சென்று உருமாறி, அங்கிருந்து லத்தீனில் வேறொரு சொல்லாகப் பெயர்க்கப்பட்டு, சைனாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. கோசைன் என்பதன் முன்னொட்டும் நிரப்பையே குறிக்கிறது. அவ்வாறே ஓர் ஊரின் அக்ஷாம்சத்தை அக்ஷம் என்றும், அதை 90 பாகையாக்க வேண்டிய மீதியை லம்பம் என்றும் இணையாகவே வைத்துக் கணித்தார்கள்.

உத்தனப்பள்ளியின் அக்ஷாம்சம் ஏறத்தாழ 12.6 பாகை வடக்கு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் விஷுவ தினங்களில், உச்சிப்பொழுதில் சூரியன் பூமத்தியரேகைக்கு நேர்மேலே நிற்பதால், நம்முடைய தலைக்கு நேர்மேலுள்ள உச்சியிலிருந்து அது 12.6 பாகை தெற்கே சாய்ந்து தோன்றும். அடிவானத்திலிருந்து அதன் உயரமோ, நிரப்பான 77.4 பாகை. பண்டைய முறைப்படி 12 அங்குல உயரமுள்ள சங்கு என்னும் கோல் ஒன்றைச் சமதரையில் நட்டால், அன்றைய உச்சி நிழல் இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக விழும். அந்த ஒரு நிழலை அளந்தே ஊரின் அக்ஷாம்சத்தை நம் முன்னோர் கணித்தனர். சூரியனே நம் உச்சிக்கு வந்து சங்கின் நிழல் அடியில் ஒடுங்கிப்போவதும் ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது. உத்தனப்பள்ளிக்கு அது ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் வருகிறது.

இதுவரை நாம் ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இனி, இரு வேறு இடங்களிலுள்ள கோணங்கள் எவ்வாறு உறவாகின்றன என்று பார்க்கவேண்டும். விஷயம் செழிப்பது இங்கேதான். கேளமங்கலம் வழியாக இராயக்கோட்டைக்கும் தருமபுரிக்கும் செல்லும் அகலப்பாதை ரயிலின் தண்டவாளங்கள் 1,676 மில்லிமீட்டர் இடைவெளியில், எங்கும் நெருங்காமலும் விலகாமலும் ஓடுகின்றன. இவ்வாறு ஒரே தளத்தில் எவ்வளவு நீட்டினாலும் சந்தியாத கோடுகளைச் சமாந்தரக் கோடுகள் என்றும் இணைகோடுகள் என்றும் சொல்லுகிறோம். இவற்றைச் சாய்வாகக் கடக்கும் வண்டிப்பாதை ஒன்று இருக்குமானால், அது குறுக்குவெட்டி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதைக் குறுக்கோடி என்று அழகாகச் சொல்லும். பாதை ஒவ்வொரு தண்டவாளத்தையும் வெட்டுமிடத்தில் நான்கு கோணங்களாக மொத்தம் எட்டுக் கோணங்கள் தோன்றுகின்றன. முதல் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தின் படத்தை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, திருப்பாமல் பாதை நெடுகத் தள்ளிக்கொண்டு போனால், இரண்டாம் தண்டவாளத்தில் அது கச்சிதமாகப் பொருந்திவிடும். அவ்வாறு ஒன்றின்மேல் ஒன்று வந்து அமர்பவை ஒத்த கோணங்கள். ஒத்த கோணத்தின் குத்தெதிரை எடுத்துக்கொண்டால், இரு தண்டவாளங்களுக்கு நடுவே, பாதையின் இடமும் வலமுமாக மாறி நிற்கும் ஓர் இணை கிடைக்கிறது. அது ஒன்றுவிட்ட கோணங்கள். அதுவும் சமமே. பாதையின் ஒரே பக்கத்தில் உள்ளே நிற்கும் இரண்டுக்கும் சமத்துவம் இல்லை. கூட்டினால் 180 ஆகும். இவ்விரண்டையும் இலங்கையில் நேயக் கோணங்கள் என்கிறார்கள். ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடி ஈடுசெய்கின்ற இணைக்கு இதைவிட இனிய பெயர் அமையாது.

இந்த உறவுகளால் ஆகும் பயனை வானத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுவே நம் ஊரின் அக்ஷாம்சம் என்று மாலுமிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். உத்தனப்பள்ளியில் விளக்கொளி குறைந்த ஒரு மேட்டில் நின்று வடக்கு நோக்கிக் கையை நீட்டினால், மடக்கிய முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. அதற்குச் சற்று மேலே அந்த நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். அது மெய்யான துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியிருப்பதால் நமக்கு இடையூறு இல்லை. ஆனால், நான் நிற்கும் நிலத்துக்கும் பூமத்தியரேகைக்கும் உள்ள தூரத்தை எங்கேயோ இருக்கும் ஒரு நட்சத்திரம் ஏன் சொல்லவேண்டும்? பூமியின் மையத்தில் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அங்கிருந்து உத்தனப்பள்ளியை நோக்கிய கோடு, பூமத்தியரேகைத் தளத்தோடு 12.6 பாகை செய்கிறது. அக்ஷாம்சம் என்பதன் பொருளே அது. பூமியின் அச்சு அந்தத் தளத்துக்குச் செங்குத்து. ஆகவே அந்தக் கோடு அச்சோடு செய்வது நிரப்பான 77.4 பாகை. இப்போது மேற்பரப்பில் நிற்கும் நம்மிடம் வருவோம். நட்சத்திரம் அளவிறந்த தூரத்தில் இருப்பதால், நாம் அதை நோக்கும் பார்வைக்கோடு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிறது. மையத்திலிருந்து நம் ஊரின் வழியாக உச்சிக்குச் செல்லும் கோடே குறுக்குவெட்டி. ஒத்த கோணங்கள் சமம். ஆதலால் உச்சிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே 77.4. உச்சிக்கு அடிவானம் செங்குத்து. ஆகவே அடிவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரம் மறுபடியும் நிரப்பு, அதாவது 12.6. நிரப்பின் நிரப்பு முதலில் எடுத்துக்கொண்ட கோணமே ஆகிவிடுகிறது. காலடியில் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், எவரும் சென்று அளக்க இயலாத ஒரு கோணம், இரு நிரப்புகளாலும் ஓர் ஒத்த கோணத்தாலும் நம் கண்ணெதிரே வந்து நிற்கிறது!

இதே உபாயத்தால் பூமியின் சுற்றளவையே கணித்தவர், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோஸ்தனீஸ். தெற்கே சையீனில் கோடைகால உச்சிப்பொழுதில் நிழல் ஒடுங்கும் அதே நாளில், அலெக்சாந்திரியாவில் நிழல் காட்டிய சாய்வு முழுச் சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அவர் கண்டார். அதை நாம் நம்முடைய மண்ணிலேயே செய்து பார்க்கலாம். கன்னியாகுமரி ஏறக்குறைய உத்தனப்பள்ளிக்கு நேர் தெற்கே இருக்கிறது. அதன் அக்ஷாம்சம் 8.1 பாகை. ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டிய உச்சிப்பொழுதில் குமரிமுனையில் நட்ட கோலுக்கு நிழல் இராது. அதே நாளில் உத்தனப்பள்ளியில் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டால் சுமார் 8 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி அன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அந்நாட்களில் இங்கே அது 12 மணி 19 நிமிஷத்தை ஒட்டி வரும். அந்த நிழல் காட்டும் சாய்வு 4.5 பாகை. சூரிய கிரணங்கள், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவதால், இரு ஊர்களிலும் சமாந்தரமாகவே விழுகின்றன. குமரியின் கோலைக் கீழே நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும். நம் கோலை நீட்டினாலும் அங்கேதான் போகும். கோலின் உச்சியில் கிரணம் செய்யும் கோணமும், மையத்தில் இரு கோல்களும் செய்யும் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள். ஆகவே மையக் கோணமும் 4.5 பாகை, அதாவது முழுச் சுற்றில் எண்பதில் ஒன்று. இரு ஊர்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 500 கிலோமீட்டர். எண்பது மடங்கு, 40,000 கிலோமீட்டர். குமரியில் ஒரு பள்ளியும் இங்கே ஒரு பள்ளியும் ஒரே நாளில் நிழலை அளந்து தொலைபேசியில் பேசிக்கொண்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உலகத்தை அளந்துவிடலாம். இது நம் பள்ளிகள்தோறும் நடைபெறவேண்டும் என்பது என் ஆவல்.

இதை விளையாட்டாக அன்றிப் பெருமுயற்சியாக மேற்கொண்டவர் வில்லியம் லாம்டன். 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான படையெடுப்பில் பணியாற்றிய அந்தப் படை அதிகாரி, போர் ஓய்ந்ததும் தென்னாட்டை முக்கோணங்களால் அளக்க முனைந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைக்கு அருகே புனித தோமையார் மலையை ஒட்டிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். 57 நாட்கள் ஆயின. அதன் பிறகு நிலத்தில் நீளத்தை அளக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அரை டன் எடையும் மூன்றடி விட்டமுள்ள வட்டத் தகடும் கொண்ட தியோடலைட்டைக் குன்றின் மேலும் கோபுரத்தின் மேலும் ஏற்றி, கோணங்களையே அளந்துகொண்டு போனார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுதும் தெரிந்துவிடும். 1804-இல் பெங்களூருக்கு அருகே ஜான் வாரன் இரண்டாவது அடிக்கோட்டை அளந்தபோது, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணித்த நீளத்துக்கும் நேரே அளந்த நீளத்துக்கும் வேறுபாடு சில அங்குலங்களே. தமிழரின் பஞ்சாங்க முறைகளையும் ஆராய்ந்து 1825-இல் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட வாரனும் இவரே. குமரி முதல் வடக்கே நீண்ட மகா வில் என்னும் அந்த அளவைத் தொடர் 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே சென்றது. ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமையும் ஏறத்தாழ அந்தத் தீர்க்கரேகையின்மேல்தான் அமைந்திருக்கிறது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதை நாம் எப்படி அறிகிறோம்? உச்சியின் வழியாக அடிப்பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோடு இழுத்தால், அடியிலுள்ள இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலேறி, உச்சிக் கோணத்தின் இருபுறமும் வந்து அமர்ந்து, நேர்கோட்டை நிரப்பிவிடுகின்றன. ஆகவே இந்தப் பிரசித்தி பெற்ற உண்மை முழுவதும் ஒன்றுவிட்ட கோணங்களின் தோளில் நிற்கிறது. அந்த ஒன்றுவிட்ட கோணங்கள் எதன் மேல் நிற்கின்றன? தாளைத் தள்ளிப் பார்த்தால் பொருந்துகிறது என்று மேலே சொன்னேன். அது நிரூபணம் ஆகாது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தால் கோடுகள் சமாந்தரம் என்பதை யூக்ளிட் எளிதில் நிறுவினார். எல்லாச் சட்டங்களையும் ஒரே கோணத்தில் பற்றவைத்து இணையாக நிறுத்தும் வெல்டர் நம்பியிருப்பது இந்தப் பகுதியையே. மறுதலையாக, சமாந்தரமாக இருந்தால் கோணங்கள் சமம் என்பதை நிறுவ வந்த இருபத்தொன்பதாவது தேற்றத்தில்தான், அதுவரை தொடாமல் வைத்திருந்த ஐந்தாவது அடிப்படை ஒப்புதலை அவர் முதன்முதலாகக் கையில் எடுக்க நேர்ந்தது. ஒரு கோட்டுக்கு, அதற்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக, ஒரே ஒரு சமாந்தரம்தான் உண்டு என்பது அதன் சாரம். இதை மற்ற ஒப்புதல்களிலிருந்து நிரூபித்துவிட இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் முயன்று தோற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் காஸ், போல்யாய், லோபாச்செவ்ஸ்கி ஆகியோர், அதை விட்டுவிட்டாலும் முரணற்ற வேறொரு க்ஷேத்திர கணிதம் பிறக்கும் என்று கண்டார்கள்.

இது புத்தகத்துக்குள் மட்டும் உள்ள சந்தேகம் என்று லாம்டனால் ஒதுக்கிவிட முடியவில்லை. பூமி உருண்டையாக இருப்பதால், அதன் மேல் வரையும் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைச் சிறிது மிஞ்சும். உருண்டைமேல் சமாந்தரமான நேர்வழிகள் இல்லை. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று கலை. கலையில் அறுபதில் ஒன்று விகலை. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் வைத்த ஒரு சென்டிமீட்டர் அகலப் பொருள் கண்ணில் செய்யும் கோணமே ஏறத்தாழ ஒரு விகலை. முக்கோணத்தின் பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர் கூடும்தோறும் மிகுதி ஒரு விகலையாக வளர்கிறது. அதைக் கணக்கில் கழித்தே அவர் வேலை செய்தார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தால் அதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று கோணங்களின் தொகை 180 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஐந்து விகலை. உத்தனப்பள்ளி அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிறது. அங்கே இரு சாலைகள் வெட்டும் புள்ளியில் நிற்பவருக்கு, பூமி தட்டையானாலும் உருண்டையானாலும், சமாந்தரங்கள் உண்டானாலும் இல்லையானாலும், எதிரெதிர் மூலைகள் ஒரு விகலையும் பிசகாமல் சமமாகவே இருக்கின்றன.